ஓரியன் பொய்யா என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

நலம், நலமறிய ஆவல். போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய். "அம்மா, நட்சத்திரக் கூட்டம் என்று ஒன்றுமே கிடையாது, எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புள்ளிகள், மனிதர்கள் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக் கதை கட்டிவிட்டார்கள் என்று என்கூட வேலை செய்பவர் சொல்கிறார். அப்படியானால் சின்ன வயதில் நீ எனக்குக் காட்டியதெல்லாம் பொய்யா?" என்றாய். அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளும், நிதானமாகப் படி.

உன் நண்பர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம்.

வேட்டைக்காரன் என்று நான் காட்டிய ஓரியன் கூட்டத்தையே எடுத்துக்கொள். ஒரு தோளில் சிவந்து தெரிகிறதே, திருவாதிரை, அது எவ்வளவு தூரம் என்பதில் வானியலாளர்களுக்குள் இன்னும் இழுபறி உண்டு. 500-லிருந்து 700 ஒளியாண்டு வரை சொல்கிறார்கள் (ஒளி ஒரு வருடத்தில் போகிற தூரம்தான் ஒளியாண்டு). இன்னொரு தோளான பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டு. காலில் நீலமும் வெள்ளையுமாக ஜொலிக்கிற ரைஜல் 860-க்குப் பக்கத்தில். இடைவாரில் வரிசையாக நிற்கும் மூன்றும் பெரும்பாலான அளவீடுகளின்படி ஆயிரத்தைத் தாண்டிவிடுகின்றன. முன்னால் நீட்டிய கையில் ஒரு கேடயம் இருப்பதாக வரைவார்கள். அதில் பை-3 என்று மங்கலாக ஒரு நட்சத்திரம் உண்டு. அது வெறும் 26 ஒளியாண்டு. நம் பக்கத்து வீடு மாதிரிதான். இத்தனையும் ஒரே ஆளின் உடம்பு என்று நாம் சொல்கிறோம்!

ஒளியாண்டு என்னும்போதே இன்னொன்றும் கூட வந்துவிடுகிறது. பெல்லாட்ரிக்ஸிலிருந்து இன்று உன் கண்ணுக்கு வருகிற ஒளி சுமார் 250 வருடத்துக்கு முன் கிளம்பியது. ரைஜலின் ஒளி கிளம்பி 800 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரே படத்தில் தோள் ஒரு நூற்றாண்டைச் சேர்ந்தது, கால் வேறொரு நூற்றாண்டைச் சேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றும். ஆனால் பிடிக்கும்.

அப்படியென்றால் அவை ஏன் சேர்ந்து தெரிகின்றன? நாம் நிற்கிற இடத்திலிருந்து பார்க்கும்போது ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கின்றன, அவ்வளவுதான். தூரம் எவ்வளவு என்று கண்ணால் பிரிக்க முடியாது. கைக்கெட்டும் பொருளுக்கு இரண்டு கண்ணும் இரண்டு கோணத்தில் பார்த்துத் தூரத்தைக் கணித்துவிடும். நட்சத்திரத்துக்கு முன்னால் இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒன்றுமே இல்லை. அதனால்தான் வானம் முழுவதும் ஒரே கூரையில் பதித்ததுபோல் தெரிகிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது ஒரு பக்கத்திலிருந்தும், ஆறு மாதம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்த்தால்தான் அருகிலுள்ள நட்சத்திரம் மயிரிழையளவு இடம் மாறுவது தெரியும். அதை நம்பும்படி முதலில் அளந்து வெளியிட்டவர் ஃபிரீட்ரிக் பெசல். 1838-இல் 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு அதன் தூரத்தைச் சொன்னார். இன்றைய கணக்கில் அது சுமார் 11.4 ஒளியாண்டு. அதற்கு முன்னால் வாழ்ந்த யாருக்குமே வானத்தின் ஆழம் தெரியாது. கூரை என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுடைய கண் சொன்னதை அவர்கள் நம்பினார்கள்.

நீ இருக்கும் தென் அரைக்கோளத்தில் ஆல்ஃபா சென்டாரி நன்றாகத் தெரியும். தெற்குச் சிலுவையைச் சுட்டுகிற இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களில் பெரியது. சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் இருக்கும் தொகுதி அதுதான், 4 ஒளியாண்டுக்குச் சற்று மேல். அங்கே போய் நின்று திரும்பிப் பார்த்தால் வானத்தில் பெரும்பாலான வடிவங்கள் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் நாம் நகர்ந்தது ரொம்பக் கொஞ்சம். ஆனால் காசியோப்பியாவில், ஐந்து நட்சத்திரங்கள் மேலும் கீழுமாகக் கோணல் கோடு போட்டிருக்கும் அல்லவா, அதன் ஓரத்தில் ஆறாவதாக ஒன்று கூடியிருக்கும். நல்ல பிரகாசமான மஞ்சள் நட்சத்திரம். அதுதான் நம் சூரியன். அங்கே யாராவது இருந்து கோடு போட்டிருந்தால் நம்மையும் சேர்த்து ஏதோ ஒரு மிருகத்தின் வாலாக்கியிருப்பார்கள்.

சரி, இதுவரை உன் நண்பர் கட்சி. இனி அவர் விட்டுவிட்ட பாதி.

எல்லாம் வெறும் இஷ்டம் என்றால், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மக்கள் எப்படி அதே நட்சத்திரங்களைச் சேர்த்துக் குழுவாக்கினார்கள்? மெல்போர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 27 பண்பாடுகளின் வான்படங்களைத் திரட்டி ஒப்பிட்டு 2022-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓரியன், கார்த்திகை, பெருங்கரடியின் ஏழு நட்சத்திரங்கள், தெற்குச் சிலுவை, இவையெல்லாம் திரும்பத் திரும்ப வந்தன. அதோடு நிற்காமல், கதை எதுவும் தெரியாத ஒரு கணினி மாதிரியை உருவாக்கி, நட்சத்திரத்தின் பிரகாசத்தையும் அவற்றுக்கு நடுவிலுள்ள நெருக்கத்தையும் மட்டும் கொடுத்துக் குழு பிரிக்கச் சொன்னார்கள். மனிதர்கள் பிரித்த குழுக்களில் பலவற்றை அதுவும் அப்படியே பிரித்தது. கோடு போடும் வேலையில் பெரும்பகுதியைக் கண் முடித்துவிடுகிறது, கதை பின்னால் வருகிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

இதை நீயே வீட்டில் செய்து பார்க்கலாம். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, பேனாவால் அங்குமிங்கும் ஐம்பது அறுபது புள்ளி வை. கண்ணைத் திறந்தால் புள்ளிகள் சமமாகப் பரவியிருக்காது. ஓரிடத்தில் நாலைந்து நெருங்கிக் கிடக்கும், இன்னோரிடத்தில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. தற்செயல் என்றால் சமமாகப் பரவும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் தற்செயல்தான் திட்டுத்திட்டாக விழும். இப்போது அந்தத் தாளையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிரு. பக்கத்தில் இருப்பவை தாமாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு வளைவில் விழுந்த புள்ளிகளைக் கண் வழுக்கிக்கொண்டே தொடரும். தடித்த புள்ளிகள் ஒரு ஜாதியாகவும் மெல்லியவை இன்னொரு ஜாதியாகவும் பிரியும். மூக்கோ வாலோ கூட முளைத்துவிடும். பார்க்காமல் இருக்க முயன்று பார், முடியாது. மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் 1923-இல் இந்த நெருக்கம், ஒப்புமை, தொடர்ச்சி ஆகியவற்றைத்தான் காட்சி சேர்வதற்கான விதிகளாக எழுதிவைத்தார். அவரும் தாளில் புள்ளிகளை வைத்துத்தான் காட்டினார்.

புதருக்குள் இருக்கும் மிருகத்தை அதன் முழு உடம்பும் தெரிவதற்கு முன்பே, நாலு புள்ளியிலிருந்தும் ஒரு வளைவிலிருந்தும் கண்டுபிடிக்கிற கண் நம்முடையது. அந்தக் கண்ணைக் கொண்டுபோய் இருட்டான வானத்தின் கீழே நிறுத்தினால் அது தன் வேலையைச் செய்யாமல் இருக்குமா?

கண் எந்த நட்சத்திரங்களைச் சேர்க்கும் என்பது ஓரளவு பொது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் மனிதர்கள் பிரிந்துபோனார்கள், அந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வடக்கு வானத்தின் அந்த ஏழு நட்சத்திரங்கள் நமக்கு ஏழு முனிவர்கள், சப்தரிஷிகள். சீனர்களுக்கு அகப்பை. பிரிட்டனில் கலப்பை. அரேபியர்களுக்கு அது ஒரு பாடை. நாலு நட்சத்திரம் பாடை, பின்னால் நடக்கிற மூன்றும் துக்கம் கொண்டாடும் பெண்கள். கிரேக்கர்களுக்குக் கரடி. வட அமெரிக்கப் பழங்குடிகள் சிலருக்கும் கரடிதான். அதில் மிக்மாக் மக்களின் கதையில் நாலு நட்சத்திரம் மட்டுமே கரடி, வால்பக்கத்து மூன்றும் அதைத் துரத்துகிற வேட்டைக்காரர்கள். இலையுதிர் காலத்தில் கரடி அடிவானத்துக்கு அருகே இறங்கும்போது அம்பு பட்டு, அதன் ரத்தம் சிந்தித்தான் காட்டில் இலைகள் சிவக்கின்றனவாம். கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் எப்படிக் கரடியே வந்தது என்பதற்கு, கதை மனிதர்களோடு ஆசியாவிலிருந்து நடந்தே போயிருக்க வேண்டும் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அது உண்மையாக இருந்தால் அந்தக் கதைக்குப் பத்தாயிரம் வருடத்துக்கும் மேல் வயது.

உனக்கு அங்கே ஓரியன் தலைகீழாகத்தான் தெரியும். ரைஜல் மேலே, திருவாதிரை கீழே. தலைகீழாகத் தொங்குகிற வேட்டைக்காரனை யார் கும்பிடப் போகிறார்கள்? ஆஸ்திரேலியாவில் பலர் அதன் இடைவாரையும் வாளையும் மட்டும் சேர்த்துக் கைப்பிடி வைத்த பாத்திரம் என்கிறார்கள். அந்நாட்டு வடக்கில் யொல்ங்கு மக்களுக்கு அது ஒரு படகு, இடைவார் மூன்றும் அதில் உட்கார்ந்திருக்கிற சகோதரர்கள். அதே புள்ளிகள்தான், பார்க்கிறவர் நிற்கிற இடம் வேறு, அவருடைய வாழ்க்கை வேறு.

இன்னொன்றையும் யோசி. நம் கண் இப்போது இருப்பதைவிடக் கூர்மையாக இருந்திருந்தால் இந்த வடிவங்களே தோன்றியிருக்காது. கலிலியோ தொலைநோக்கி வழியாகப் பார்த்ததை 1610-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஓரியன் முழுவதையும் வரைந்துவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். ஒன்றிரண்டு பாகை அகலத்துக்குள்ளேயே ஐந்நூறுக்கு மேல் புது நட்சத்திரங்கள். திணறிப்போய் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, இடைவார் மூன்றையும் வாள் ஆறையும் வரைந்து, சுற்றிலும் புதிதாக 80 நட்சத்திரங்களைச் சேர்த்து நிறுத்திக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்தால் இடைவார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். வெறும் கண்ணுக்கு, நல்ல இருட்டில், ஒரே நேரத்தில் இரண்டு மூவாயிரம் நட்சத்திரம்தான் தெரியும். அதிலும் பிரகாசமானவை கொஞ்சம். அந்தக் கொஞ்சம்தான் நமக்கு வடிவம் கொடுக்கிறது. நீ முதன்முதலாக விளக்கே இல்லாத இடத்தில் முகாம் போட்டபோது, பழகிய கூட்டங்களைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, காரணம் இதுதான். அத்தனை கூட்டத்தில் தெரிந்த முகம் தொலைந்துபோகும்.

இப்போது உன் நண்பரிடம் நீ கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். புள்ளிகள் நெருங்கியிருப்பது தற்செயலா, உண்மையான உறவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே தற்செயல் என்று சொல்வதும், பார்க்காமலே எல்லாமே அர்த்தமுள்ளது என்று சொல்வதும் ஒரே சோம்பல்தான் என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் ஜான் மிச்செல் என்று ஒரு பாதிரியார். 1767-இல் அவர் கார்த்திகையை எடுத்துக்கொண்டார். அதன் ஆறு நட்சத்திரங்கள் அவ்வளவு சின்ன இடத்தில் நெருங்கி நிற்கின்றன. அந்த அளவு பிரகாசமுள்ள நட்சத்திரங்களையெல்லாம் வானத்தில் கண்மூடித்தனமாக வாரி இறைத்தால் ஆறு இப்படி ஒன்றாக விழ எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டார். ஏறக்குறைய 5 லட்சத்தில் ஒன்று என்று வந்தது. ஆகவே இது தற்செயலாக இருக்க முடியாது, ஈர்ப்போ வேறெதுவோ இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று எழுதினார். நட்சத்திரங்களின் தூரத்தை யாருமே அளந்திராத காலம் அது. பெசலுக்கு இன்னும் எழுபது வருடம் இருக்கிறது. ஒரு தாளையும் பேனாவையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் சொன்னது சரியாகப் போயிற்று. கார்த்திகை ஒரே மேகத்தில் சேர்ந்து பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் கொத்து. வயது சுமார் 10 கோடி வருடம், தூரம் சுமார் 440 ஒளியாண்டு. நம் முன்னோர் கண்ணால் பார்த்து ஒரு கொத்து என்றார்கள், அது கொத்தேதான்.

கண்ணில் படுகிற வடிவத்தை அப்படியே நம்பவும் இல்லை, அப்படியே தள்ளவும் இல்லை, ஒரு கேள்வியாக்கி எண்ணிப் பார்த்தார். வானியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்களில் அவர் ஒருவர்.

சப்தரிஷிகளிலும் பாதி உண்மை இருக்கிறது. ஏழில் நடுவிலுள்ள ஐந்தும் சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கின்றன. சேர்ந்து பிறந்தவை. இதை ரிச்சர்ட் ப்ராக்டர் என்பவர் 1869-இல் கவனித்தார். இரண்டு முனைகளிலும் இருக்கிற இரண்டு மட்டும் வேற்று ஆட்கள், தங்கள் வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த ஐந்தில் ஒன்றுதான் வசிட்டர். அவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மங்கலாக அருந்ததி. கூர்ந்து பார்த்தால் இரண்டும் பிரிந்து தெரியும். தொலைநோக்கியில் வசிட்டரே இரண்டாகப் பிரிவார், அந்த இரண்டும் ஒவ்வொன்றும் இரட்டை என்று ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அருந்ததிக்கும் ஒரு சிறு துணை உண்டு. ஆக மொத்தம் ஆறு நட்சத்திரங்கள். ஒன்று என்று ஒருவர் பார்ப்பார், இரண்டு என்று கண்ணுள்ளவர் சொல்வார், உண்மையில் ஆறு.

ஓரியனும் முழுப் பொய் இல்லை. இடைவாரின் மூன்றும் சூடான, இளம் வயது நட்சத்திரங்கள், ஒரே பெரும் மேகப் பரப்பிலிருந்து பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. வாளின் நடுவில் புகைபோல் தெரிகிறதே, சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அந்த நெபுலாவில், அதாவது வாயுவும் தூசியும் கலந்த மேகத்தில், இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. கேடயத்திலுள்ள பை-3-க்கு மட்டும் அந்தக் குடும்பத்தோடு எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வானியலாளர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று கேட்பாய். அவர்களுக்குக் கோடே கிடையாது. உன் போனிலுள்ள செயலியில் தெரிகிற குச்சிக் கோடுகள் அந்தச் செயலிக்காரர்கள் போட்டவை, இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். அதிகாரபூர்வமானது எல்லை மட்டும்தான். தாலமி என்ற பழங்கால வானியலாளர் இரண்டாம் நூற்றாண்டில் 48 கூட்டங்களைப் பட்டியலிட்டார். அவருக்குத் தெரியாத தெற்கு வானத்தை டச்சு மாலுமிகள் 1590-களில் நிரப்ப ஆரம்பித்தார்கள். அப்புறம் லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர் 1751, 1752-இல் நன்னம்பிக்கை முனையில் தங்கி ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை அளந்தபோது மிச்ச இடங்களுக்குத் தன் காலத்துக் கருவிகளின் பெயரையே வைத்துவிட்டார். தொலைநோக்கி, நுண்ணோக்கி, கடிகாரம், உலை, காற்றுப் பம்பு. உன் தலைக்குமேல் ஒரு காற்றுப் பம்பு இருக்கிறது, கண்ணா! பின்னால் லலாண்ட் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் பூனையைக் கூட மேலே ஏற்றினார், அது நிலைக்கவில்லை. ஆளாளுக்குப் பெயர் வைத்தால் எந்த நட்சத்திரம் எந்தக் கூட்டம் என்பதில் குழப்பம் வராதா? ஒளி மாறுகிற நட்சத்திரங்களுக்குக் கூட்டத்தின் பெயரைச் சேர்த்துத்தான் பெயர் வைப்பார்கள் என்பதால் குழப்பம் வேலையையே கெடுத்தது. சர்வதேச வானியல் ஒன்றியம் 1922-இல் 88 கூட்டங்கள் என்று பட்டியலை முடிவு செய்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டெல்போர்ட் வகுத்த எல்லைகள் 1930-இல் வெளியாயின. வானத்தின் ஒவ்வொரு புள்ளியும் இப்போது ஏதோ ஒரு கூட்டத்துக்குச் சொந்தம்.

ராசிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். வருடத்தைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தது ஒரு கணக்கு. வானத்திலுள்ள கூட்டங்கள் சம அளவில் இல்லை. இன்றைய எல்லைப்படி சூரியன் கன்னியில் 45 நாள்வரை இருக்கும், விருச்சிகத்தில் ஒரு வாரம்தான், பதின்மூன்றாவதாக ஒபியூக்கஸ் என்ற கூட்டத்தின் வழியாகவும் சுமார் 18 நாள் போகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

எல்லை போட்டாலும் நட்சத்திரங்கள் கேட்பதில்லை. ரோ அக்கிலே என்று ஒன்று, கழுகுக் கூட்டத்தைச் சேர்ந்தது. அது மெல்ல நகர்ந்து 1992-இல் எல்லையைத் தாண்டிப் பக்கத்து டால்பினுக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் கழுகில் இருக்கிறது. நட்சத்திரங்கள் நகர்கின்றன என்பதையே 1718-இல்தான் எட்மண்ட் ஹாலி கண்டுபிடித்தார். பழைய கிரேக்கர்கள் குறித்துவைத்த இடங்களோடு ஒப்பிட்டபோது சிரியஸ் உட்பட மூன்று பிரகாசமான நட்சத்திரங்கள் இடம் மாறியிருந்தன. அவர்கள் இடத்தைக் கவனமாகக் குறித்து வைத்ததால் அல்லவா இவருக்கு அது தெரிந்தது? ஒரு லட்சம் வருடம் கழித்துப் பார்த்தால் சப்தரிஷிகள் இந்த வடிவத்தில் இருக்க மாட்டார்கள். திருவாதிரையும் அதற்குள் வெடித்துவிடும் என்றே எதிர்பார்க்கிறார்கள், ஓரியனுக்கு ஒரு தோள் போய்விடும். 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியபோது வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பேசியது, நீயும் இரவு போன் செய்தாய். கடைசியில் அது தானே கக்கிய தூசி தன் முகத்தை மறைத்துக்கொண்டதுதான்.

பொய்யா என்று கேட்டாய். இல்லை. நான் உனக்குக் காட்டியது வானத்தில் ஒரு வேட்டைக்காரன் இருக்கிறான் என்பதை அல்ல. அந்த இடத்தை மறுபடியும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை. இரண்டாயிரம் புள்ளிகளை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. "இடைவார் மூன்றையும் அப்படியே ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸ், மறுபக்கம் நீட்டினால் ரோகிணி, இன்னும் போனால் கார்த்திகை" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் வழி தெரிந்துவிடுகிறது. உனக்குத் தெரிந்தது. எழுத்தே இல்லாத மக்கள் ஆயிரக்கணக்கான வருடம் வானத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியது இப்படித்தான். ஒருவர் விரலை நீட்டுவார், இன்னொருவர் அந்த விரலோடு தன் கண்ணைச் சேர்ப்பார், "ஆமாம், தெரிகிறது" என்பார். கோடு நம்முடையதுதான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அதை நட்சத்திரங்களுடையது என்று யாராவது சொன்னால்தான் பொய்.

சரி, இப்போது உனக்கு ஒரு வேலை. நீ இருக்கும் இடத்திலிருந்து எனக்குச் சரியாகத் தெரியாத வானம் உனக்குத் தலைக்குமேல் வருகிறது. தெற்குச் சிலுவையைக் கண்டுபிடி. நான்கில் மேல்முனை கொஞ்சம் ஆரஞ்சாக இருக்கும், அது சுமார் 90 ஒளியாண்டு. அடிமுனை நீலவெள்ளை, 300-க்கு மேல். மேலிருந்து கீழாக அந்த நீளத்தை நாலரை மடங்கு நீட்டினால் தெற்கு வான்முனை. அங்கிருந்து நேராகக் கீழே அடிவானத்துக்கு இறங்கினால் தெற்குத் திசை. சிலுவைக்கு ஒட்டினாற்போல் பால்வெளியில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும், கரிமூட்டை என்பார்கள். வானத்தில் ஓட்டை இல்லை, அது பின்னாலுள்ள ஒளியை மறைக்கிற தூசி மேகம். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பலருக்கு அது ஈமுப் பறவையின் தலை. கழுத்தும் உடம்பும் பால்வெளியின் கறுப்புப் பட்டையிலேயே விருச்சிகம்வரை நீளும். தென் அமெரிக்காவில் இன்கா மக்கள் கிட்டத்தட்ட அதே கறுப்பில் லாமாவைப் பார்த்தார்கள், உன் ஆல்ஃபா சென்டாரியும் பக்கத்து பீட்டாவும் அதன் கண்கள். ஒரு புள்ளியைக்கூட இன்னொன்றோடு சேர்க்காமல், நட்சத்திரம் இல்லாத இடத்தில் வடிவம் பார்த்தவர்கள்! நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

நிலா இல்லாத இரவாகப் பார்த்து வெளியே போ. போனை உள்ளேயே வைத்துவிடு, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது கொடு. செயலியையும் பார்க்காதே, நான் மேலே சொன்ன பெயர்களையும் கொஞ்ச நேரம் மறந்துவிடு. ஒரு தாளில் உன் கண் எதை எதோடு சேர்க்கிறதோ அதை அப்படியே வரை, தோன்றுகிற பெயரையும் பக்கத்தில் எழுது. உன் நண்பரையும் கூட்டிப்போய், தனித் தாளில் அவரையும் வரையச் சொல். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. முடித்ததும் இரண்டையும் படமெடுத்து அனுப்பு. எது எது இரண்டிலும் ஒன்றாக வந்திருக்கிறது என்று நான் இங்கே வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா